மைதானத்துக்கு வேலி போடுவதற்கு முன்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். முதல் பந்தியை மட்டும் வாசித்துவிட்டு "சேர்மார் உதைபந்தாட்டத்துக்கு எதிரி" என்று கொமன்ட் போட்டுவிட வேண்டாம். எங்களில் பலர் இந்த மைதானத்திலேயே முழங்காலை உடைத்துக்கொண்டவர்கள்தான்.

கடந்த வாரம் இஷாத் தொழுகைக்குப் பிறகு நடந்த மைதானக் கூட்டத்துக்கு ஆசிரியர்கள் நான்கு பேர் போயிருந்தோம். மேசையில் வரைபடம் விரித்திருந்தார்கள். நடுவில் 115 மீற்றர் நீளம், 80 மீற்றர் அகலத்தில் உதைபந்தாட்ட ஆடுகளம். அதை ஒட்டிச் சுற்றிவர வலைக்கம்பி வேலி. நான்கு மூலையிலும் மின்விளக்குக் கோபுரம். கடல் பக்கமாகப் பவிலியன். வேலிக்கு ஒரேயொரு கேற். பார்த்தவுடன் எங்களுக்கும் சந்தோஷம்தான். எத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த லைற் அது!

பிறகு எங்களில் ஒருவர் கேட்டார்: "இதில ஓடுபாதை எங்க?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு தம்பி சொன்னார்: "ஓடுறவங்க வேலிக்கு வெளியால ஓடலாம்தானே சேர்." சிலர் சிரித்தார்கள். அவர் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். வேலிக்கு வெளியே ஒரு பக்கம் வடிகான், மறுபக்கம் வீதி என்பது அவருக்கு நினைவு வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருக்கும் ஒரு சகோதரர் தன் போனை எடுத்தார். "உலகத்துல எல்லா இடத்திலயும் புட்போலுக்குத் தனி ஸ்டேடியம்தான். அமெரிக்கால ஒரு யுனிவர்சிட்டி ஸ்டேடியம், பாருங்க" என்று ஒரு படத்தைக் காட்டினார். போன் கையிலிருந்து கைக்கு மாறி வந்தது. அழகான படம். நடுவில் பச்சைப் புல், இரண்டு பக்கமும் கோல் கம்பம், மேலே மரங்களுக்கு நடுவில் படிப்படியாக இருக்கைகள். எங்களிடம் வந்தபோது விரலால் பெரிதாக்கிப் பார்த்தோம். புல்லைச் சுற்றி, படத்தின் ஓரத்தில் யாரும் கவனிக்காத இடத்தில், எட்டுக்கும் குறையாத ஓடுபாதைகள் வளைந்து போய்க்கொண்டிருந்தன!

அந்த இடத்தில் வாதிட நேரமில்லாமல் போய்விட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.

அந்தப் படம் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ட்ரேக் ஸ்டேடியம். யூ.சி.எல்.ஏ. என்று சொன்னால் பலருக்குத் தெரியும். கூரையில்லாத திறந்தவெளி அரங்கு, சுமார் 11,700 பேர் இருக்கலாம். 1969இல் திறந்தார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கப் புட்போல், அதாவது முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம், இங்கே நடப்பதில்லை. அதற்கு வேறு ஊரில் பெரிய அரங்கு இருக்கிறது. இங்கே நடந்தது நமது உதைபந்தாட்டம். ஓடுபாதைக்குள்ளே இருந்த அந்தப் புல்லில் பல வருடங்கள் விளையாடிய பல்கலைக்கழகம் அது. அதன் ஆண்கள் அணி 1985, 1990, 1997, 2002 என்று நான்கு தடவை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான கிண்ணத்தை வென்றிருக்கிறது. ஓடுபாதை சுற்றி இருந்தால் ஆட்டம் வளராது என்பவர்கள் இந்த வருடங்களைக் கொஞ்சம் பாருங்கள்.

யார் இந்த ட்ரேக்? காசு கொடுத்த செல்வந்தரோ அரசியல்வாதியோ அல்ல. எல்வின் ட்ரேக், ஒரு பயிற்றுநர். "டக்கி" என்று செல்லப் பெயர். அதே பல்கலைக்கழகத்தில் மாணவனாக ஓடியவர், பிறகு வீரர்களின் காயங்களுக்குக் கட்டுப் போடுபவராகவும் மெய்வல்லுநர் அணியின் தலைமைப் பயிற்றுநராகவும் வாழ்நாளின் பெரும் பகுதியை அங்கேயே கழித்தவர். நமது நாட்டில் ஒரு விளையாட்டு ஆசிரியரின் பெயரை எந்த மைதானத்துக்காவது வைத்திருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தோம். கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டியவரின் பெயர்ப்பலகைதான் எல்லா இடத்திலும் பளிங்கில் இருக்கிறது.

ட்ரேக்கைப் பற்றி ஒரு கதை சொல்லாமல் போக முடியாது. 1960 ரோம் ஒலிம்பிக். இரண்டு நாட்களில் பத்து நிகழ்ச்சிகள் செய்யும் டெகாத்லன் போட்டி. முதல் இடத்துக்குப் போட்டியிட்ட இருவர் அமெரிக்காவின் ரேஃபர் ஜோன்சனும் தாய்வானின் சி.கே. யாங்கும். வேறு வேறு நாடுகள், ஆனால் இருவரும் யூ.சி.எல்.ஏ.யில் ஒன்றாகப் பயிற்சி செய்தவர்கள், நண்பர்கள். இருவருக்கும் பயிற்றுநர் ட்ரேக்தான்! கடைசி நிகழ்ச்சி 1500 மீற்றர். ஜோன்சன் புள்ளிகளில் சற்று முன்னால் நிற்கிறார். ஆனால் யாங் அந்த ஓட்டத்தில் அவரைவிட வேகமானவர். 10 செக்கன் இடைவெளி விட்டு யாங் முடித்தால் தங்கம் யாங்குக்கு.

ட்ரேக் என்ன செய்தார்? யாங்கைக் கூப்பிட்டு, "முடிந்த அளவு முன்னால் போய்விடு, அவனால் உன்னைப் பிடிக்க முடியாது" என்ற கருத்தில் சொன்னார். ஜோன்சனைக் கூப்பிட்டு, "அவன் போகும்போது விடாதே, பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போ" என்ற கருத்தில் சொன்னார். இரண்டு பிள்ளைகளுக்கும் அவரவர்க்கு உண்மையான, சரியான ஆலோசனை. யாங் முன்னால் ஓடினார், ஜோன்சன் நிழல் மாதிரிப் பின்னால் ஓடினார். 1.2 செக்கன் பின்னால் முடித்தார். 8392 புள்ளிகளுக்குத் தங்கம், 8334 புள்ளிகளுக்கு வெள்ளி. இல்ல விளையாட்டுப் போட்டியில் தன் இல்லம் தோற்றுவிடும் என்று மற்ற இல்லத்துப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்க மறுக்கும் ஆசிரியர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். (நாங்களும் ஓரிரு தடவை அந்தக் குற்றத்தைச் செய்திருக்கிறோம்.) இன்று அந்த ஸ்டேடியத்தின் பெயர் ட்ரேக், அதைச் சுற்றியுள்ள ஓடுபாதையின் பெயர் ரேஃபர் ஜோன்சனுடையதும் அவர் மனைவி பெட்ஸியுடையதும்.

இதில் இன்னொன்றைக் கவனியுங்கள். அந்தப் பத்து நிகழ்ச்சிகளில் ஏழில் யாங்தான் ஜோன்சனை வென்றார். ஜோன்சன் முந்தியது மூன்றில் மட்டும்: குண்டு போடுதல், தட்டெறிதல், ஈட்டி எறிதல். அந்த மூன்றால்தான் தங்கம். இந்த மூன்றுக்கும் தேவை என்ன? ஓடுபாதைக்கு நடுவில் உள்ள திறந்த புல்வெளி. நாம் வேலி போட்டுப் பூட்டி, "இது புட்போலுக்கு மட்டும்" என்று சொல்லப் போகிற அதே புல்வெளி.

சரி, அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நமக்கும் அதற்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. பழைய ஆட்களுக்கு நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் என்ற பெயர் ஞாபகம் இருக்கும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர். 1952இல், 17 வயதில், ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கைக்காக உயரம் பாய்ந்தவர். 1956 மெல்பேர்னிலும் பாய்ந்தார். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் பெற்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இந்த நாட்டுக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அது. அவர் படித்த பல்கலைக்கழகம் எது தெரியுமா? இதே யூ.சி.எல்.ஏ. அங்கே மெய்வல்லுநர் அணிக்கு ட்ரேக் தலைமைப் பயிற்றுநராக இருந்த காலம் அது. இந்த ஸ்டேடியம் 1969இல்தான் வந்தது, ஆகவே எதிர்வீரசிங்கம் பாய்ந்தது இதற்கு முந்திய மைதானத்தில். ஆனால் போனில் காட்டப்பட்ட அந்த அரங்கின் பெயருக்கும், யாழ்ப்பாணத்துப் பாடசாலை மைதானம் ஒன்றில் மண் குழிக்குள் விழுந்து பழகிய ஒரு பையனுக்கும் இடையில் ஒரு கோடு இருக்கிறது. அவர் பிறகு கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். "விளையாடினால் படிப்பு பாழாகும்" என்று பெற்றோர் கூட்டத்தில் எங்களிடம் சொல்லும் வாப்பாமாருக்காக இதையும் எழுதி வைக்கிறோம்.

அவருக்கு மத்திய கல்லூரியில் என்ன இருந்தது? செயற்கை ஓடுபாதையா, விளக்குக் கோபுரமா? இரண்டு கம்பம், ஒரு குறுக்குத் தடி, விழுவதற்கு ஒரு குழி, தினமும் வந்து போக ஒரு திறந்த மைதானம். அந்தக் கடைசிப் பொருள்தான் முக்கியம்.

அதே பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு உதாரணம். ஜக்கி ஜோய்னர்-கேர்ஸி. 1980களின் தொடக்கத்தில் அங்கே படித்தவர். ஏழு நிகழ்ச்சிகள் கொண்ட ஹெப்டத்லன் போட்டியில் 1988 சியோல் ஒலிம்பிக்கில் அவர் எடுத்த 7291 புள்ளிகளை இன்றுவரை எந்தப் பெண்ணும் தாண்டவில்லை. அதே விழாவில் நீளம் பாய்தலிலும் தங்கம். இவர் வறுமைப்பட்ட ஒரு பகுதியில் வளர்ந்தவர். சிறுமியாக இருந்தபோது நீளம் பாய்தல் பழகக் குழி இல்லாமல், சகோதரிகளோடு சேர்ந்து பூங்காவிலிருந்து சிப்ஸ் பைக்கற்றுகளில் மணல் அள்ளி வந்து, வீட்டு முன் விறாந்தைக்குக் கீழே கொட்டி அதில் பாய்ந்து பழகினார். சிப்ஸ் பைக்கற்றில்! நமது ஊரில் மணலுக்குப் பஞ்சமா? கடற்கரை முழுக்கக் கிடக்கிறது. ஆனால் நமது மைதானத்தின் நீளம் பாய்தல் குழியில் இப்போது நிற்பது என்ன? தண்ணீர்த் தாங்கியைத் தூக்கி நிறுத்திய சீமெந்துக் கட்டு. அதைக் கட்டும்போது அங்கே ஒரு குழி இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை, அதுவும் உண்மை.

ட்ரேக் ஸ்டேடியத்தில் இப்போது உதைபந்தாட்டம் நடப்பதில்லை என்று அந்தச் சகோதரர் இனிச் சொல்லக்கூடும். சரிதான். 2018இல் அந்தப் பல்கலைக்கழகம் உதைபந்தாட்டத்துக்கென்று தனியாக ஒரு சிறிய அரங்கைக் கட்டியது. எங்கே கட்டியது? வளாகத்தில் வேறு ஓரிடத்தில். ஓடுபாதையை உடைத்து அந்த இடத்தில் கட்டவில்லை. ஒறிகன் பல்கலைக்கழகத்திலும் இதேதான் நடந்தது. ஹேவார்ட் ஃபீல்ட் என்ற அவர்களது மைதானம் 1919இல் அமெரிக்கப் புட்போலுக்காகவே கட்டப்பட்டது, ஓடுபாதை 1921இல் வந்து சேர்ந்தது. 1967இல் புட்போல்தான் புதிய இடத்துக்குப் போனது. ஓடுபாதை இருந்த இடத்திலேயே இருந்தது. 2022இல் உலக மெய்வல்லுநர் சாம்பியன்ஷிப் நடந்ததும் அங்கேதான், நமது யுபுன் அபேகோன் 100 மீற்றர் ஓடியதும் அங்கேதான். ஆட்டத்துக்குக் கூட்டம் வரும், காசு வரும், தனி இடம் கிடைக்கும். ஓடுகிற பிள்ளைக்கு அப்படி யார் கட்டிக் கொடுப்பார்கள்?

இனி நமது ஊருக்கு வருவோம்.

எங்கள் மாணவன் ஒருவன். பெயர் வேண்டாம், இப்போது குடும்பஸ்தன், வாசித்தால் அவனுக்கே தெரியும். வலய மட்டத்தில் 400 மீற்றரில் முதலிடம். வலயப் போட்டி நடந்தது 200 மீற்றர் சுற்று மைதானத்தில், சுண்ணாம்புக் கோட்டில். பிறகு மாகாண மட்டம். அங்கேதான் வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் உண்மையான 400 மீற்றர் ஓடுபாதையைப் பார்த்தான். அவனுக்கு எட்டாவது பாதை விழுந்தது. எட்டாவது பாதையில் நிற்பவர் முதலாவது பாதையில் நிற்பவரைவிட 53 மீற்றர் முன்னால் நின்றுதான் தொடங்க வேண்டும். வெளிவட்டம் பெரிதென்பதால் அந்தக் கணக்கு. இதை நாங்கள் கரும்பலகையில் கீறிக் காட்டியிருந்தோம். ஆனால் கரும்பலகை வேறு, கால் வேறு. வெடி வைத்ததும் ஓடினான். முன்னால் ஒருவரும் இல்லை. முதல் வளைவு, நேர்ப்பாதை, இரண்டாவது வளைவின் பாதி, இன்னும் யாரும் இல்லை. நாம்தான் முதல் என்று நினைத்து மூச்சைக் கொஞ்சம் மிச்சம் பிடித்தான். கடைசி நேர்ப்பாதையில் ஐந்து பேர் ஒன்றாக அவனைக் கடந்து போனார்கள்.

வந்து எங்களிடம் கேட்டான்: "சேர், அவங்கெல்லாம் எங்கால வந்தாங்க?"

அந்தப் பிள்ளைக்கு வேகம் குறைவில்லை. அவனுக்கு அந்த வட்டம் தெரியாது. அதற்கு அவன் பொறுப்பல்ல.

இத்தனைக்கும் நமது மைதானத்தில் ஒரு காலத்தில் 400 மீற்றர் சுற்று இருந்தது. இப்போது ஐம்பது தாண்டியவர்களைக் கேளுங்கள். அது ஒரே நாளில் போகவில்லை. வீதி அகலமாக்கியபோது ஒரு மூலை போனது. பிறகு தண்ணீர்த் தாங்கி. பிறகு பழைய பவிலியனின் படிக்கட்டு இரண்டு பாதையைத் தின்றது. பெருநாள் சந்தைக்குக் கடை போட்டவர்கள் தோண்டிய குழிகளை யாரும் மூடவில்லை. லொறி நிறுத்துகிறார்கள், மழைக்கு டயர் புதைந்த பள்ளம் வெயிலுக்குக் காய்ந்து கல்லாகிவிடும், அதில் கால் மடங்கிய பிள்ளைகளை நாங்கள்தான் முச்சக்கரவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொன்றையும் செய்தவர்கள் நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் "கொஞ்சம்தானே" என்றார்கள். இப்போது மிஞ்சியிருப்பதையும் வேலி எடுக்கப் போகிறது.

வரைபடம் தயாரித்தவரோடு எங்களுக்குச் சண்டையில்லை. ஆனால் கணக்கைப் பார்ப்போம், கணித ஆசிரியர் ஒருவர் எங்கள் கூட்டத்தில் இருப்பதால் இந்தத் தொல்லை உங்களுக்கு.

முறையான 400 மீற்றர் ஓடுபாதை என்பது இரண்டு நேர்க்கோடும் இரண்டு அரைவட்டமும்தான். நேர்க்கோடு 84.39 மீற்றர். அரைவட்டத்தின் உள் ஆரை 36.50 மீற்றர். ஒரு பாதையின் அகலம் 1.22 மீற்றர். எட்டுப் பாதை போட்டால் மொத்தம் ஏறக்குறைய 177 மீற்றர் நீளம், 93 மீற்றர் அகலம். நமது அளவையில் சொன்னால் 4 ஏக்கருக்குச் சற்று மேல். ஆறு பாதை போதுமென்றால் 172க்கு 88. நமது மைதானத்துக்கு இந்த இடம் இன்னும் இருக்கிறது. தண்ணீர்த் தாங்கியைத் தவிர்த்து, முழு அமைப்பையும் சற்றுத் தெற்குப் பக்கமாகத் தள்ள வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளே கிடைக்கும் அகலம் 73 மீற்றர். வரைபடத்திலுள்ள ஆடுகளத்தின் அகலம் 80. இங்கேதான் பிரச்சினை. உலகக் கிண்ணப் போட்டிகள் நடக்கும் ஆடுகளமே 105க்கு 68தான்! அது இந்த வட்டத்துக்குள் அடங்கும். ஆனால் மூலைக் கொடிக்கும் உள்வளைவுக்கும் இடையில் ஒரு மீற்றர்தான் மிஞ்சும், அது வீரர்களுக்கு ஆபத்து. 100க்கு 64 என்று எடுத்தால்? சர்வதேசப் போட்டிக்கே அனுமதிக்கப்பட்ட குறைந்த அளவு அது. அப்போது மூலையில் மூன்றரை மீற்றர் இடம் கிடைக்கும். சர்வதேச அணிகள் விளையாடக்கூடிய ஆடுகளம் நமது கழகங்களுக்குப் போதாதா? 115க்கு 80இல் ஓடி விளையாட நமது பையன்களுக்கு மூச்சும் இருக்க வேண்டுமே. இரண்டாவது பாதியில் அவர்கள் படும் பாட்டை நாமெல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். (கோபப்படாதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறோம்.)

கழகத் தம்பிமார் சொல்லும் காரணங்களில் ஒன்றை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். ஓடுபாதை சுற்றி இருந்தால் பார்வையாளர் ஆட்டத்திலிருந்து தூரமாகிவிடுவார்கள். சுற்றுப்போட்டி இறுதியாட்டத்தில் கோட்டோரம் நின்று கத்துவதில் இருக்கிற ருசி போய்விடும். உலகத்தில் பெரிய கழகங்கள் பல இதே காரணத்துக்காக ஓடுபாதை உள்ள அரங்கை விட்டுப் போயிருக்கின்றன. ஆனால் அவர்களிடம் போக இன்னோர் அரங்கு இருந்தது. நம்மிடம் இருப்பது ஒரு மைதானம். இறுதியாட்டம் வருடத்தில் ஒன்றோ இரண்டோ. அன்றைக்கு ஓடுபாதையிலேயே கதிரை போட்டு உட்காருங்கள், யார் வேண்டாமென்றது?

இன்னொரு காரணம்: வேலியில்லாவிட்டால் மாடு வந்து புல்லை நாசமாக்கும். நியாயம். வேலி போடுங்கள், ஆனால் ஓடுபாதைக்கு வெளியே போடுங்கள். கம்பிக்குச் செலவு கூடும் என்பதும் உண்மைதான். அந்த மேலதிகச் செலவு பவிலியனின் அலங்கார முகப்பைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

மின்விளக்கு இப்போதைக்கு இரண்டு கோபுரம் போதாதா என்று கேட்க இருந்தோம், அதை விடுவோம்.

இந்த நாடு ஒலிம்பிக்கில் இதுவரை பெற்றது இரண்டே பதக்கம். 1948இல் டங்கன் வைட் 400 மீற்றர் தடை தாண்டலில், 2000இல் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரில். இரண்டும் ஓடுபாதையில் வந்தவை. உதைபந்தாட்டத்தை நாங்களும் நேசிக்கிறோம், ஆனால் அதற்கு பதினொரு பேர், ஒரு கழகம், ஒரு ஜேர்சி வேண்டும். ஓடுவதற்கு ஒரு பிள்ளையும் ஒரு கோடும் போதும். எங்கள் பாடசாலையில் வலய மட்டத்துக்குப் போகும் பிள்ளைகளில் பலர் சப்பாத்து இல்லாதவர்கள். கழகத்தில் சேரச் சந்தா கொடுக்க முடியாதவர்கள்.

அப்புறம் பெண் பிள்ளைகள். இதைப் பற்றி ஊரில் பல கருத்து இருக்கிறது, தெரியும். அதற்குள் போகவில்லை. எங்கள் பாடசாலைப் பெண் பிள்ளைகள் நீளக் கால்சட்டையும் பர்தாவும் அணிந்து, காலை ஏழு மணிக்கு முன், ஆசிரியைமாரோடு வந்து ஓடிவிட்டுப் போகிறார்கள். யாருக்கும் இடைஞ்சலில்லை. கேற் திறப்பு ஒரு கழகத்தின் கையில் போனால், காலையில் ஆறு மணிக்கு அந்தத் திறப்பைத் தேடி எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது? சுபஹுக்குப் பிறகு நடக்கும் நமது உம்மாமார், வாப்பாமாரும் இருக்கிறார்கள். சீனி வருத்தத்துக்கு டொக்டர் நடக்கச் சொன்னதால் நடப்பவர்கள். அவர்களை வீதிக்கு அனுப்பினால் டிப்பர் லொறிகளுக்கு நடுவில்தான் நடக்க வேண்டும். மைதானம் என்று நாம் சொல்வது பின்னேரம் நான்கு மணியிலிருந்து ஆறு மணிவரை உள்ள மைதானத்தை மட்டும்தான். மற்ற நேரங்களில் அங்கே யார் இருக்கிறார்கள் என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை சிறியது. செயற்கை ஓடுபாதை கேட்கவில்லை. அது கோடிக் கணக்கில் போகும், பராமரிக்கவும் நம்மால் முடியாது. இரண்டு கல் கேட்கிறோம்.

ஆம், இரண்டு கல். ஓடுபாதையின் இரண்டு அரைவட்டத்துக்கும் மையப்புள்ளி உண்டு. இரண்டுக்கும் இடையில் 84.39 மீற்றர். அந்த இரண்டு புள்ளியிலும் தரை மட்டத்துக்குக் கீழே கொங்கிறீட்டில் ஒரு குழாய்த் துண்டைப் பதித்துவிட்டால் போதும். எந்த வருடம் எந்த ஆசிரியர் வந்தாலும் அதில் ஒரு முளையை இறக்கி, 36.50 மீற்றர் கயிற்றைக் கட்டி, ஒரு வாளி சுண்ணாம்போடு ஒரு காலைப்பொழுதில் முழு மைதானத்தையும் கீறிவிடலாம். பந்து விளையாடுபவர்களின் காலில் படாது. செலவு ஒரு சீமெந்துப் பைக்கற்றும் இரண்டு அடிக் குழாயும். அதன் பிறகு வேலி எங்கே வரவேண்டும், பவிலியன் எங்கே வரவேண்டும் என்பதை அந்தக் கல்லிலிருந்து அளந்து தீர்மானிக்கலாம். வரைபடத்தில் ஆடுகளம் 100க்கு 64 என்று மாற வேண்டும், வேலி வெளியே போக வேண்டும், நீளம் பாய்தலுக்கு ஒரு குழி வேண்டும். மணல் நாங்கள் கொண்டுவருகிறோம், சிப்ஸ் பைக்கற்றில் என்றாலும்.

வருகிற வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நாங்கள் அளவு நாடாவோடு மைதானத்துக்கு வருகிறோம். கழகத் தலைவர்மாரும் வரைபடம் செய்த சகோதரரும் கட்டாயம் வாருங்கள். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். 400 மீற்றர் ஒரு வட்டம் முளை அடித்து, கயிறு கட்டிக் காட்டுகிறோம். எல்லோரும் ஒரு தடவை அதைச் சுற்றி நடந்து பார்ப்போம். கூட்டத்தில் அந்தப் படத்தைக் காட்டிய சகோதரருக்கு விடுமுறை முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறதாம். அவரையும் அழைத்திருக்கிறோம், வருவதாகச் சொல்லியிருக்கிறார். மஃரிபுக்கு முன் முடித்துவிடலாம்.